எறும்பு ஏறிய மீசை

துர்காதேவிக்குப் பதின்மூன்று வயதில் கை முறிந்தது. சைக்கிளில் இருந்து விழுந்த கதை அது, அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு வாரம் கழித்துக் காரைக்குடியில் மாவுக்கட்டைப் பிரித்தபோது நடந்ததுதான் கதை. மற்ற பிள்ளைகள் என்றால் கை நேராகிவிட்டதா என்று கையைப் பார்ப்பார்கள். துர்கா கட்டின் உட்புறத்தைப் பார்த்தாள். உள்ளே அவளுடைய கை இருந்தது. கை வெளியே வந்த பிறகும் அதன் வடிவம் அங்கேயே தங்கியிருந்தது. பஞ்சு விலகிப்போன ஒரு இடத்தில், கட்டைவிரலுக்கு அடியில், தோலின் ரேகைகூடப் பதிந்திருந்தது.

"குப்பைத் தொட்டியில போடும்மா" என்றார் கம்பவுண்டர். அவள் பாவாடை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கோட்டையூர் வீட்டு பீரோவின் மேல், ஒரு சேலை டப்பாவுக்குள் அது இன்னும் இருக்கிறது.

துர்கா பேசுகிற ஆளில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அதுவும் கேள்வியைவிடச் சின்னதாக. அப்படிப்பட்டவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது, அது அவள் அந்த ஆண்டில் பேசிய மிக நீளமான வாக்கியமாக இருந்தது. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் அப்பா போனில் "சரித்தா" என்றார். அம்மா மீனாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஆஸ்டல்ல சோறு நல்லாருக்குமா?"

இரண்டு ஆண்டுகள் ஓடின. மூன்றாம் ஆண்டில் பிரிவு பிரிப்பார்கள். சிற்பப் பிரிவில் எட்டு இடம், கேட்டவர்கள் பதினான்கு பேர். கிடைக்காதவர்கள் விளம்பர ஓவியத்துக்குப் போக வேண்டும். அங்கே நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சோப்பு டப்பாவுக்கு எழுத்து வடிவமைப்பார்கள். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் அதில் கை அழுக்காகாது. துர்காவுக்கு அதுதான் பயம்.

சிற்பத் துறையின் சௌபர்ணிகா மேடம் ஒரு நிபந்தனை வைத்தார். உயிரோடு இருக்கும் ஒரு ஆளின் முகத்தைப் பிளாஸ்டரில் அச்செடுத்து, அந்த அச்சிலிருந்து வார்த்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டுவர வேண்டும். கல்லூரியில் செய்யக்கூடாது. அவரவர் ஊரில், அவரவர் ஆளை வைத்து, தனியாகச் செய்ய வேண்டும்.

கல்லூரியில் துர்கா அதுவரை இரண்டு முறை வார்த்திருந்தாள். முதல் முறை உள்ளே காற்றுக் குமிழ் புகுந்து, முகம் ஆப்பம்போல வந்தது. இரண்டாம் முறை அச்சுக்கு எண்ணெய் தடவ மறந்துபோனதில் அச்சும் வார்ப்பும் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. அதைச் சுத்தியலாலும் பிரிக்க முடியவில்லை. ஆஸ்டல் அறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்ததும் காரைக்குடியில் ஃபால்ஸ் சீலிங் சாமான் விற்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் முகேஷ் கால்குலேட்டரை இழுத்து வைத்துக்கொண்டார்.

"எத்தன சதுர அடிம்மா?"

"ஒரு மூஞ்சி" என்றாள் துர்கா.

அவர் கால்குலேட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு ஒரு பிளாஸ்டர் மூட்டையை எடுத்துக் கொடுத்தார். மாவுக்கட்டுத் துணிச் சுருள்களை மருந்துக் கடையில் வாங்கினாள். இருந்த ஆறு சுருளையும் கொடுத்துவிட்டு, "யாருக்கும்மா அடி?" என்று கேட்டார்கள். "யாருக்கும் இல்ல" என்றாள்.

முகம் கொடுக்க ஒரே ஒரு ஆள்தான் ஒப்புக்கொண்டார். சித்தப்பா சின்னக்கருப்பு. கோட்டையூருக்கும் காரைக்குடிக்கும் இடையே டவுன் பஸ் ஓட்டுகிறவர். அந்தப் பாதையில் அவரைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவர் மீசையைத் தெரியாதவர்கள் இல்லை. பஸ்ஸின் முன்கண்ணாடியில் முதலில் தெரிவது அதுதான் என்று பயணிகள் சொல்வார்கள்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் வந்து படுத்தார்.

"ஒண்ணரைக்கு எனக்கு டூட்டி. அதுக்குள்ள விட்ருவியா?"

"பதினஞ்சு நிமிசத்துல இறுகிரும் சித்தப்பா."

"மீசை?"

"வாசலின் நெறயப் போடுறேன். ஒரு முடிகூட வராது."

"ஒரு முடி வந்தாலும் நான் ஓட்டுற பஸ்ல நீ ஏறக்கூடாது. சொல்லிப்புட்டேன்."

முகம் முழுக்க வாசலின் பூசினாள். புருவத்துக்கும் மீசைக்கும் தனியாக, கெட்டியாகப் பூசினாள். கண்ணிமை மேல் ஈரப் பஞ்சு வைத்தாள். மூக்குத் துவாரங்களைத் திறந்தே விடவேண்டும். வாய் மூடியிருக்கும் என்பதால் பேச முடியாது. அதனால் சைகைகளை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டார்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், அப்போது ஒரு விரல். அரித்தால் இரண்டு விரல். எடுத்துவிடு என்றால் ஐந்து விரலும்.

இவள் புருவத்தில் குனிந்திருந்த அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது.

மீனாள் நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்க்கிறாள். வீட்டை ஓட்டலாக மாற்றுகிறார்கள். மீனாளுக்குச் சுண்ணாம்புக் கலவை தயாரிக்கும் வேலை. கடுக்காயும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய தண்ணீரை ஊற்றிக் குழைத்தால்தான் சுண்ணாம்புச் சுவர் வலுவாக நிற்கும், மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தால் பளபளக்கும் என்பது அங்கே பாலர் பாடம். அவள் குழைத்த கலவையில் மேஸ்திரி இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. தன் மகள் ஒரு மூட்டை வெள்ளை மாவை வாங்கிவந்து, குழாயில் பிடித்த வெறும் தண்ணீரைப் பக்கத்தில் வைத்திருப்பதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு முறை வாயெடுத்தாள். படிக்கிற பிள்ளையிடம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாள். மூன்றாவது முறை மனம் கேட்கவில்லை. வேலையிடத்திலிருந்து கேனில் கொண்டுவந்திருந்த கடுக்காய்த் தண்ணீரில் இன்னும் ஒரு கை வெல்லத்தைக் கரைத்து, இரண்டு சொம்பு எடுத்துச் சத்தமில்லாமல் வாளியில் ஊற்றிவிட்டுப் போனாள். சிவப்பு வாளி. தண்ணீரின் நிறம் மாறியது தெரியவில்லை.

துர்கா மாவைத் தூவினாள், கலக்கினாள். கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. கடை மாறினால் நிறம் மாறும்போல என்று நினைத்துக்கொண்டாள். முகத்தில் முதல் பூச்சு, அதன்மேல் அதே வாளியில் நனைத்த துணி, மறுபடி பூச்சு. பதினொன்று பத்துக்கு வேலை முடிந்தது. கைகழுவிவிட்டுப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சித்தப்பாவின் விரல்களைப் பார்த்தாள்.

பதினொன்று இருபத்தைந்து. விரல் எழவில்லை.

பதினொன்று நாற்பது. ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். தோசை மாவு.

"சித்தப்பா, சூடா இருக்கா?"

சித்தப்பா விரலை இடதும் வலதும் ஆட்டினார். அப்படி ஒரு சைகையை அவர்கள் பேசவே இல்லை. என்றாலும் புரிந்தது.

பன்னிரண்டுக்குப் பக்கத்து வீட்டுக் கருப்பி, அரைத்த இட்லி மாவைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். வேப்பமரத்தடியில் கட்டில். கட்டிலில் ஆள். ஆள் முகத்தில் வெள்ளை. பக்கத்தில் தலைகுனிந்தபடி பெண்பிள்ளை. கருப்பி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ எங்கண்ணே! நேத்துக்கூட ஆரன் அடிச்சுட்டுப் போனீகளே!"

அழாதே என்று சொல்லத்தான் சித்தப்பா கையைத் தூக்கினார். தூக்கியிருக்கக்கூடாது. கருப்பி போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்துவிட்டன.

"உசுரோடதான் இருக்காரு கருப்பி, கத்தாத!" மீனாள் ஓடிவந்தாள்.

"உசுரோட இருக்கவரு மூஞ்சியில எதுக்குக்கா வெள்ளையடிக்கிறீக?"

"படிப்பு" என்றாள் துர்கா.

"என்ன படிப்போ" என்று கருப்பி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இனி என்ன ஆகிறது என்று பார்க்காமல் அவள் போகப்போவதில்லை.

பன்னிரண்டே காலுக்குச் சித்தப்பாவின் இரண்டு விரல் எழுந்தது. கழுத்தில் அரிப்பு. துர்கா குனிந்து பார்த்தாள். எறும்பு. ஒன்றல்ல, ஒரு வரிசை. வேப்பமரத்தின் அடியில் கிளம்பி, கட்டில் காலில் ஏறி, காதைச் சுற்றிக்கொண்டு தாடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு வரிசை நேராக வாளிக்குப் போனது.

துர்கா நிமிர்ந்தாள். "பிளாஸ்டருக்கு எறும்பு வராதே."

மீனாள் முந்தானையைச் சரிசெய்தாள்.

"அம்மா."

"என்னத்தா?"

"வாளியில என்ன ஊத்துனீக?"

"ரெண்டே சொம்புதான். கடுக்காய்த் தண்ணி." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். "கொஞ்சம் வெல்லம். நீ பாட்டுக்கு வெறும் தண்ணியில கொழைக்கிறியே, உதிர்ந்துபோகுமேன்னு மனசு கேக்கலத்தா."

கட்டில் குலுங்கியது. முதலில் வயிறு, பிறகு தோள், பிறகு முகம். சின்னக்கருப்பு சிரிப்பை அடக்கத் தெரியாதவர். அச்சின் நெற்றிப் பகுதி ஒரு பக்கம் வழுக்கிச் சரிந்தது, கன்னம் மறுபக்கம் போனது. கடைசியில் மீசையின் இரண்டு நுனிகளும் வெள்ளையாக வெளியே வந்தன. கண்ணிலிருந்த பஞ்சு விழுந்துவிட, அவர் எழுந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏன் மதினி, இன்னும் ரெண்டு முட்டையையும் அடிச்சு ஊத்திருந்தா என்னய வேலைக்காரன வச்சுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிருப்பீகளே! நானும் ஒரு தூணாட்டம் எங்குட்டாச்சும் நின்னுருப்பேன்!"

கருப்பியும் சிரித்தாள். மீனாள் சிரிக்கவில்லை, மகளைப் பார்த்தாள். துர்கா ஈரத் துணித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு சுருளும் போய்விட்டன.

ஒன்றரைக்குச் சித்தப்பா டூட்டிக்குப் போனார். காதுமடலில் வெள்ளை ஒட்டியிருந்ததைப் பார்த்து, "என்ன டிரைவரே, பொங்கலுக்கு இப்பவே வெள்ளையடிக்க ஆரம்பிச்சிட்டீகளா?" என்று பஸ் முழுக்கக் கேட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடிகாலையிலிருந்து வண்டி, மதியம் அரைமணி நேரம்தான் ஓய்வு. இன்னொருமுறை படுக்க வழியில்லை. மருந்துக் கடையில் கட்டுத் துணி செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார்கள்.

"ஏசிப்புடுத்தா" என்றாள் மீனாள். "ஒரு வார்த்த ஏசிப்புட்டா எனக்கு நிம்மதி. இப்படிப் பேசாம இருக்காத."

"ஏச ஒண்ணும் இல்லம்மா." துர்கா உண்மையாகத்தான் சொன்னாள். ஏசுவதற்கு அவள் அம்மாவை நினைத்தால்தானே. அவள் சோப்பு டப்பாக்களை நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு வாளியைக் கொட்டப் போனாள். மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அதை வடித்துவிட்டு அடியில் கைவிட்டாள். இந்நேரம் பிளாஸ்டர் கல்லாகி, வாளியோடு தூக்கிப் போடவேண்டி இருக்கும். வெல்லம் இறுகவிடாததில் இது இன்னும் வெண்ணெயாக இருந்தது. கை வைத்த இடத்தில் கை பதிந்து நின்றது. ஒரு உருண்டை எடுத்துக் கிள்ளினாள், கிள்ளிய கிள்ளல் அப்படியே இருந்தது. கல்லூரியில் பிளாஸ்டரோடு எப்போதும் ஓட்டப்பந்தயம்தான். பத்து நிமிடத்தில் ஊற்று, வழி, கழுவு, ஓடு. இது மட்டும் அவசரப்படுத்தாமல், நீ சொல் என்று காத்துக்கொண்டிருந்தது.

கொல்லையில் ஒரு மண்சட்டி கிடந்தது. அதைப் பலகைமேல் கவிழ்த்து, ஈரச் சாக்கைச் சுற்றினாள். முதல் கையள்ளலை அதன்மேல் அப்பினாள்.

முகத்தை யோசிக்க வேண்டி இருக்கவில்லை. காலையில் முக்கால் மணி நேரம் அந்த முகத்தைத் தடவியவள் அவள். மூக்குத் தண்டு நடுவில் சற்று வலப்பக்கம் வளைவதும், இடது கன்ன எலும்புக்குக் கீழே ஒரு குழி இருப்பதும் இருபது ஆண்டுகளாகப் பார்த்தும் அவளுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரிந்திருந்தது. தூங்குகிற முகமாகச் செய்யத்தான் ஆரம்பித்தாள். ஆனால் அவள் கடைசியாகப் பார்த்தது அச்சு சரிந்து விழுந்தபோது இருந்த முகத்தை. கன்னம் மேலே ஏறிக் கண்ணை மூடவைத்த முகம். கை அதைத்தான் செய்தது. மீசையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். அதற்கு மீனாளின் தலைவாரும் சீப்பு தேவைப்பட்டது. மீனாள் ஒன்றும் கேட்காமல் எடுத்துவந்து கொடுத்தாள்.

ஞாயிறு மதியத்துக்குள் அது இறுகிவிட்டது. பால் ஏட்டின் நிறத்தில் இருந்தது. சாப்பிட வந்த சித்தப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். தன் மீசையைத் தொட்டுக்கொண்டார்.

"எடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கே."

"அப்படித்தான் சித்தப்பா இருக்கு."

உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்தார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அம்மாவின் பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு துர்கா கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தாள். திங்கள் காலை பதினான்கு முகங்களும் மேசையில் வரிசையாக இருந்தன. பதின்மூன்று வெள்ளை முகங்கள், எல்லாம் கண்ணை மூடி அமைதியாக. பதினான்காவது மட்டும் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு அட்டை எழுதிவைக்க வேண்டும். பெயர், ஊர், முறை. முறை என்ற இடத்தில் மற்றவர்கள் 'வார்ப்பு' என்று எழுதியிருந்தார்கள். துர்கா பேனாவைத் திறந்தாள். ஒரே சொல்தான், எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? பேனாவை மூடிவிட்டாள். அந்த இடம் காலியாகவே இருந்தது.

சௌபர்ணிகா மேடம் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். துர்கா செய்த முகத்துக்கு முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது என்ன?"

துர்கா பார்த்தாள். மேசைக் காலில் ஏறி, மேசை விளிம்பைக் கடந்து, தாடை வழியாகச் சித்தப்பாவின் மீசைக்கு ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

"எறும்பு மேடம்."

"அது தெரியுது. பிளாஸ்டருக்கு ஏன் எறும்பு வருது?"

பதின்மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னதாகப் பதில் சொல்லித் தப்பிக்கலாம் என்றால் சின்னதாகச் சொல்ல ஒரு பதிலும் இல்லை. கடுக்காயில் ஆரம்பித்தால் நேமத்தான்பட்டிக்குப் போகவேண்டும், அங்கிருந்து சிவப்பு வாளிக்கு வரவேண்டும். துர்கா ஆரம்பித்தாள். "ரெண்டே சொம்புதான்" என்று அம்மாவைப்போலவே சொன்னபோது முதல் சிரிப்பு வந்தது. கருப்பி மாரில் அடித்துக்கொண்ட இடத்தில் மேடமும் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு ஆண்டில் இந்தப் பெண் இத்தனை சொல் பேசி யாரும் கேட்டதில்லை. துர்காவும் கேட்டதில்லை.

"அப்ப இது வார்ப்பே இல்ல" என்றார் மேடம், சிரிப்பு அடங்கியதும்.

"இல்ல மேடம்."

"பிறகு ஏன் கொண்டுவந்த?"

"எங்கிட்ட இருந்தது இதுதான் மேடம்."

மேடம் நகத்தால் காதோரம் மெல்லக் கீறினார். கோடு விழுந்தது. "பலமே இல்ல. ரெண்டு மழைக்குத் தாங்காது." பிறகு கன்னத்தில் விரலை வைத்து, கண்ணோரம் வரை தடவிப் பார்த்தார். அடுத்த முகத்துக்குப் போய்விட்டார்.

மாலை மூன்று மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். துர்கா கீழிருந்து படித்தாள், கீழேயே இருந்தது. எட்டாவது பெயர். பக்கத்தில் பேனாவால் ஒரு குறிப்பு: 'மாதக் கடைசிக்குள் முறையான வார்ப்பு ஒன்று தர வேண்டும். வெல்லம் இல்லாமல்.'

அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"கெடச்சிருச்சும்மா."

மீனாள் குரலைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னாள். "கடுக்காய்த் தண்ணி வீண்போகாதுன்னு எனக்குத் தெரியும்."

அடுத்த சனிக்கிழமை சித்தப்பா மறுபடி கட்டிலில் படுத்தார். இந்த முறை ஒரு நிபந்தனை சேர்த்துக்கொண்டார், மதினி பத்தடி தள்ளி உட்கார வேண்டும், இரண்டு கையும் தெரியும்படி. மீனாள் படியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கருப்பி நேரத்தோடு வந்து அவள் பக்கத்தில் இடம்பிடித்திருந்தாள்.

குழாய்த் தண்ணீர். பன்னிரண்டு நிமிடம் ஆனது.

சித்தப்பாவின் ஒரு விரல் மெல்ல எழுந்து நின்றது.

"பாத்தீகளாம்மா?" என்றாள் துர்கா.

"வெறும் தண்ணிக்கா?" மீனாளால் நம்ப முடியவில்லை. எழுந்து வந்தாள். சித்தப்பாவின் ஐந்து விரலும் விரிந்து, கை வேகமாக ஆடியது.

"கிட்ட வரலப்பா, கிட்ட வரல" என்று சொல்லிக்கொண்டே மீனாள் மறுபடி படிக்குப் போய் உட்கார்ந்தாள்.